மதிலுக்கும் கண்ணாடிக்கும் இடையில்

நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகக் கமரா பிடிப்பவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று பத்திரிகை அலுவலகத்தில் தேநீர் வைத்து, "அக்கா, புதிசா வந்திருக்கிற எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். நான் கேக்கை வெட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது வீட்டில் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். புத்திமதி எதிர்பார்க்காதீர்கள். எனக்கே இன்னும் பிடிபடாத ஒரு விடயத்தைத்தான் எழுதப்போகிறேன்.

சண்டைக் காலத்துக் கதை சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் எனக்கு இரண்டே நிலைமைதான். ஒன்று எடுத்தேன், அல்லது எடுக்க விடவில்லை. எடுத்த படத்தைக் காட்டி "இது உண்மையோ?" என்று என்னை நிறுத்திவைத்துக் கேட்டது, எல்லாம் முடிந்து, பட்டினம் கட்டடம் கட்டடமாக எழும்பத் தொடங்கிய பிறகுதான்.

மாறிவரும் யாழ்ப்பாணம் பற்றி ஒரு முழுப்பக்கம் போடவேண்டும் என்றார் ஆசிரியர். பஸ் நிலையத்தில் தொடங்கி ஒரு பகல் முழுக்கத் திரிந்தேன். கண்ணாடி போட்ட துணிக்கடை, நகரும் படி வைத்த கடைத்தொகுதி, வெளிநாட்டுப் பெயர் வைத்த உணவகம் என்று எடுத்துத் தள்ளினேன். நிழலில் நின்று கமராத் திரையில் பார்த்தால், அவை கொழும்பாகவும் இருக்கலாம், சென்னையாகவும் இருக்கலாம். நீர்வேலிப் பக்கமிருந்து சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். அவரை எடுத்தேன். அதைப் பார்த்தால் முப்பது வருடத்துக்கு முந்திய ஊர் மாதிரி இருந்தது. கண்ணாடியை எடுத்தால் எந்த ஊரோ, சைக்கிளை எடுத்தால் எந்தக் காலமோ. நான் நின்றுகொண்டிருந்த இடமும் அந்த நேரமும் மட்டும் படத்தில் விழவில்லை.

எரிச்சலோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில், நல்லூர்ப் பக்கம் ஒடுக்கமான ஒரு ஒழுங்கையால் திரும்பினேன். ஒழுங்கை வாயிலில் சீமெந்துக் கல் இறக்கிக்கொண்டு ஒரு லொறி நின்று வழியை மறித்தது. ஸ்கூட்டரை நிறுத்தி எட்டிப் பார்த்தபோது ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் ஒரு காட்சி தெரிந்தது.

ஒரு பெண் தன் வீட்டு வளவில் படங்குத் துணி விரித்துச் செத்தல் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மதில். மதிலுக்குப் பின்னால், கட்டி முடியாத ஆறு மாடி ஹோட்டல் ஒன்று நீலக் கண்ணாடியோடு நின்றது. லொறி விடாததால் நான் நின்ற இடத்திலிருந்தே நீட்டு லென்ஸைப் பூட்டி எடுத்தேன். தூரத்தில் நின்று அப்படி எடுத்தால் முன்னுக்கு இருப்பதும் பின்னுக்கு இருப்பதும் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். படத்தில் அந்தக் கட்டடம் அவளின் மதிலில் இருந்தே முளைத்து, அவள் தலைக்கு மேல் கவிழ்ந்துகொண்டு நின்றது. மதில் விளிம்பில் கொஞ்சம் பச்சை, கொடி படர்ந்த மாதிரி. கீழே சிவப்பு மிளகாய், மேலே நீலக் கண்ணாடி, நடுவில் குனிந்த ஒரு மனுசி. பகல் முழுக்கத் தேடியது இதுதான் என்று எனக்குப் பட்டது.

லொறி போனதும் அவளிடம் போய்க் கதைத்தேன். பெயர் றஞ்சினி. மிளகாய்த்தூள் இடித்து விற்றுத்தான் குடும்பம் நடக்கிறது.

"உந்தக் கட்டடம் எழும்பினதுக்குப் பிறகு வெயில் காணாது அக்கா. பின்னேரம் ஆக முதலே நிழல் வந்து படங்கிலை ஏறிடும். முந்தி ரெண்டு நாளிலை காயிறது இப்ப இழுபடுது" என்றாள்.

பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்கோ. என்ரை சனத்துக்கும் தெரியட்டும்" என்றாள்.

ஆசிரியர் படத்தை முதற் பக்கத்துக்கு ஏற்றினார். "மூச்சு விட இடமில்லை" என்று தலைப்பு வைத்தார். தலைப்பு என்னுடையது அல்ல. படம் என்னுடையது.

அடுத்த நாள் விடியவே என் தொலைபேசி ஓயவில்லை. படம் முகநூலில் வெளிநாடெல்லாம் போய்விட்டது. றஞ்சினியின் மிளகாய்த்தூளுக்கு ரொறன்ரோவிலிருந்து ஆட்கள் கேட்டிருந்தார்கள். பணக்காரர் ஏழையை நெரிக்கிறார்கள் என்று எழுதினார்கள். அந்தக் கட்டடத்துக்கு எப்படி அனுமதி கொடுத்தீர்கள் என்று மாநகர சபைக்குக் கேள்விமேல் கேள்வி போனது. சபையிலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அங்கே வேலை செய்த மேசன்மார் எல்லாம் வீட்டில் இருந்தார்கள்.

மூன்றாம் நாளோ என்னவோ, கட்டடத்துக்காரர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். குகன் என்று பெயர். சுவிஸில் பல வருடம் இருந்து திரும்பியவர். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஆசிரியரின் மேசையில் ஒரு பெரிய படத்தை விரித்து வைத்தார். ட்ரோனை மேலே விட்டு எடுத்தது. அதில் றஞ்சினியின் வீடு ஒரு மூலையில் தீப்பெட்டி மாதிரி. கட்டடம் மற்ற மூலையில். இடையில் அகலமாய்ப் பச்சை.

"இதிலை எங்கை நான் அவவின்ரை மூச்சைப் பிடிச்சிருக்கிறன் எண்டு காட்டுங்கோ" என்றார்.

நான் பார்த்தேன். காட்ட முடியவில்லை.

"எங்கடை ஆக்கள் வடகரையிலை கப்பல் ஓட்டின ஆக்கள். கரையைக் கண்ணாலை பாத்தே எவ்வளவு தூரம் எண்டு என்ரை ஐயா சொல்லுவார். தூரம் எண்டால் என்னெண்டு எனக்கு விளங்கும் அம்மா. சட்டப்படி விடவேண்டிய இடத்தைவிட நான் கூட விட்டனான். நீங்கள் அந்த இடத்தை அப்பிடியே விழுங்கிப்போட்டியள்."

"நான் ஒண்டும் விழுங்கேல்லை. அதிலை ஒரு புள்ளியும் மாத்தேல்லை" என்றேன்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை" என்றார் அவர். உண்மையாகவே விளங்காத ஆளின் முகத்தோடுதான் சொன்னார்.

அவர் போன பிறகு ஆசிரியர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எது சரி?"

"ரெண்டும் எடுத்தபடி எடுத்ததுதான்."

"அதைப் பேப்பரிலை போடேலாது. எது சரி எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

நான் மெதடிஸ்ற் குடும்பத்தில் பிறந்தவள். பொய் எது, மெய் எது என்று ஞாயிறுப் பள்ளியில் பாட்டாகவே படித்தவள். அன்றைக்கு அந்தப் பாட்டு எதற்கும் உதவவில்லை. அடுத்த நாள் காலை அந்த ஒழுங்கைக்குப் போனேன். லொறி நின்ற இடத்தில் நின்று வெறுங் கண்ணால் பார்த்தேன். கட்டடம் கட்டடமாக நின்றது. றஞ்சினி வீடு வீடாக நின்றது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. சரி, நடந்து பார்ப்போம் என்று நடந்தேன்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு ஒரு சொல். படம் எடுத்த பிறகு, நீங்கள் நின்ற இடத்திலிருந்து படத்துக்குள் இருக்கிற கடைசிப் பொருள்வரை ஒருமுறை நடந்து போங்கள். நான் அவ்வளவு வருடமும் அப்படி நடந்ததில்லை. லென்ஸ் நடக்கும்தானே என்று விட்டுவிடுவேன்.

றஞ்சினியின் மதிலோரமாக ஒரு குச்சொழுங்கை பின்னுக்குப் போனது. அதால் போனேன். மதில் முடிந்த இடத்தில் தகர வேலி. வேலிக்குள் தாழ விரிந்த ஒரு பெரிய ஒட்டு மாமரம். என் படத்தில் கொடி மாதிரித் தெரிந்த பச்சை அதன் நுனி. குகனின் படத்தில் அகலமாய்த் தெரிந்த பச்சையும் அதன் தலைதான். மரத்துக்குக் கீழே ஒரு வீடு இருந்தது.

வீடு என்றால் ஒரு சின்ன அறை. அதோடு தகரம் சாத்தி இன்னுமொரு அறையை இழுத்திருந்தார்கள். கொடியில் பள்ளிக்கூடச் சீருடை காய்ந்தது. முற்றத்தில் ஓட்டோ ஒன்று நின்றது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் துணியைக் கீழே போட்டுவிட்டு எழும்பினார்.

"நீங்கள் பேப்பர்க்கார அக்கா எல்லே?"

அவர் பெயர் அரியம். தெல்லிப்பழைப் பக்கத்து ஆள். சண்டையில் இடம்பெயர்ந்து, எங்கெங்கோ திரிந்து, கடைசியில் இந்தக் காணிக்கு வந்தவர். காணிக்காரர் கனடாவில் இருக்கும் ஒரு டொக்டர். காணியைப் பார்த்துக்கொண்டு இருங்கோ என்று அரியத்திடம் சொன்னவர். தனி ஆளாய், அந்த ஒற்றை அறைக்குள் இருக்கத்தான் சொன்னவர். பிறகு மனைவி வந்தா, மகள் வந்தாள், தகர அறை வந்தது. மகள் மதுரா உயர்தரம் படிக்கிறாள். டொக்டருக்கு இது ஒன்றும் தெரியாது.

நிழல் எப்படி என்று கேட்டேன். சிரித்தார். "றஞ்சினிக்குப் பின்னேரம் வாற நிழல் எங்களுக்கு மத்தியானமே வந்திடும். நிழல் பரவாயில்லை அக்கா. உதைப் பாருங்கோ."

கிணற்றடியில் ஒரு பலகை கிடந்தது. மேசன்மார் நின்று பூசும் பலகை. மேலே இருந்து விழுந்தது. மதுரா தண்ணீர் அள்ளிவிட்டு உள்ளே போன கையோடு விழுந்தது என்றார். வேலை நிறுத்தப்படுவதற்கு முதல் நாள். அந்தக் கட்டடத்தின் ரோட்டுப் பக்கம் பச்சை வலை கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் கட்டவில்லை. இந்தப் பக்கம் ஆள் இல்லை என்றுதானே நினைத்திருப்பார்கள்.

என் கை தானாகக் கமராவை எடுத்தது. பலகையையும் கிணற்றையும் அவற்றுக்கு மேலே ஓங்கி நின்ற கண்ணாடியையும் சேர்த்து எடுத்தேன். அப்போதுதான் அவர் என் கையைப் பிடிக்காத குறையாகக் கிட்ட வந்தார்.

"அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன். உதைப் போட்டிடாதேங்கோ. டொக்டர் ஐயா கண்டால் முடிஞ்சுது. பிள்ளையின்ரை சோதினை முடியுமட்டும் எண்டாலும் நாங்கள் இஞ்சை இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்."

"பலகை பேந்தும் விழுந்தால்?"

அவர் மேலே பார்த்தார்.

உள்ளே இருந்து மதுரா எட்டிப் பார்த்தாள். மேசையில் புத்தகங்கள். மேசை இருந்தது தகர அறையில், கட்டடத்தின் பக்கமாக.

போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஸ்கூட்டரில் ஏறும்போதே, சொன்னது சரியோ பிழையோ என்று தெரியவில்லை.

சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்த நாளில் ஒழுங்கை திருவிழா மாதிரி இருந்தது. குகன் தன் படத்தோடு வந்தார். றஞ்சினி நல்ல சேலை உடுத்திக்கொண்டு நின்றாள். அயலவர்கள், மற்றப் பேப்பர்காரர்கள், கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தவர்கள். அரியம் தன் ஓட்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, சவாரிக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். உத்தியோகத்தர் பேப்பர்த் துண்டை விரித்து என்னைக் கூப்பிட்டார்.

"உது நீங்கள் எடுத்ததோ?"

"ஓம்."

"கொம்பியூட்டரிலை ஏதும் செய்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஏன் நேரிலை இப்பிடி இல்லை?"

எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், அவரை ஒழுங்கை வாயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீட்டு லென்ஸைப் பூட்டி, கமராவை அவர் கண்ணில் வைத்தேன்.

"ஐயோ, முட்டிக்கொண்டெல்லே நிக்குது" என்றார். கமராவை இறக்கினார். "இல்லையே." திரும்ப ஏற்றினார். "ஓம், முட்டிக்கொண்டுதான் நிக்குது." சனம் சிரித்தது. பிறகு எல்லோருக்கும் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வரிசை கட்டி நின்று என் கமராவுக்குள்ளால் பார்த்தார்கள். குகனும் பார்த்தார். பார்த்துவிட்டு, "எனக்கே பயமாக் கிடக்கு" என்றார்.

கடைசியாக றஞ்சினி பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"இதிலை என்ன பிழை? நான் குந்தியிருந்து மிளகாய் கிளறேக்கை இப்பிடித்தான் என்ரை தலைக்கு மேலை நிக்கும். எனக்கு இப்பிடித்தான் தெரியிறது" என்றாள்.

"இவ்வளவு தள்ளி நிக்குதெல்லே தங்கச்சி" என்றார் உத்தியோகத்தர்.

"நீங்கள் நிண்டு பாக்கிறியள். நான் இருந்து பாக்கிறன்."

உத்தியோகத்தர் பேப்பர்த் துண்டை மடித்துக்கொண்டு சாதாரணமாக அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"சரி, இடையிலை கிடக்கிற காணி என்ன? அதிலை ஆக்கள் ஆரும் இருக்கினமோ? இருந்தால் அந்தப் பக்கமும் பாதுகாப்பு வலை போடவேணும்."

"வெறுங்காணி" என்றார் குகன். "காவல் கொட்டில் ஒண்டு கிடக்கு."

றஞ்சினி நிலத்தைப் பார்த்தாள். அயலவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஒழுங்கையே சேர்ந்து அந்தக் குடும்பத்தை மறைத்து வைத்திருந்தது. உத்தியோகத்தர் பேப்பர்த் துண்டைத் தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுங்கோ அம்மா. படம் எடுத்தனீங்கள்தானே. ஆள் இருக்கோ?"

அரியத்தின் ஓட்டோவைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மதுராவின் மேசை எனக்கு நினைவு வந்தது. சொன்னால் வலை வரும், வீடு போகும். சொல்லாவிட்டால் வீடு இருக்கும், பலகையும் இருக்கும். ஷெல்லுக்குள் நின்றுகூட இப்படி வியர்த்ததில்லை.

"உந்தப் படத்திலை அது தெரியேல்லை" என்றேன்.

அது உண்மையான வசனம். ஒரு எழுத்துப் பிழை இல்லை. உத்தியோகத்தர் தலையாட்டிவிட்டு அடுத்த அலுவலைப் பார்க்கப் போனார். அரியம் மூச்சு விட்டதை நான் நின்ற இடத்திலிருந்தே கண்டேன்.

சனம் கலையும்போது குகனைத் தனியே கூப்பிட்டேன். கமராத் திரையில் அந்தக் கிணற்றடிப் படத்தைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"இது எந்த இடம்?"

"நீங்கள் பச்சை எண்டு காட்டின இடம்."

"இதுக்குள்ளை ஆக்களோ?"

"தாய் தகப்பன், படிக்கிற ஒரு பிள்ளை. இது பேப்பரிலை வராது. நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பக்கம் வலை கட்டவேணும்."

அவர் திரும்பித் தன் கட்டடத்தைப் பார்த்தார். மேலே ஏறி நின்று எத்தனையோ தரம் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறாராம். மரத்தைத்தான் கண்டிருக்கிறார். "நாளைக்கே கட்டுவிக்கிறன்" என்றார். கட்டுவித்தார்.

கட்டடம் சட்டப்படிதான் நிற்கிறது என்று சபை சொல்லிவிட்டது. வேலை தொடர்ந்தது. நாங்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது எங்கே நின்று எடுக்கப்பட்டது என்று எழுதினோம். நேர்மையான காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தோம். பேப்பரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று பாதிப்பேர் எழுதினார்கள். முதல் நாளே பொய் என்று தெரியும் என்று மீதிப்பேர் எழுதினார்கள். றஞ்சினி வந்து என் மேசைக்கு முன் நின்றாள்.

"அப்ப நான் பொய் சொன்னனானோ அக்கா?"

"இல்லை."

"அப்ப நீங்கள்?"

"நானும் இல்லை."

"அப்ப ஏன் ரெண்டு படம் போட்டனீங்கள்?"

பிறகு குகன் தன் கட்டடத்தின் மேல்தட்டில் வந்து மிளகாய் காயப்போடச் சொல்லி அவளிடம் ஆள் அனுப்பினாராம். ஹோட்டல் உச்சியில் ஏறி நின்று செத்தல் கிளற எனக்கென்ன விசரோ என்று இவள் திருப்பி அனுப்பிவிட்டாள். வளவில் வெயில் விழும் நேரத்துக்கு ஏற்றபடி விடியவே படங்கை விரிக்கத் தொடங்கினாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன்.

வலை கட்டும்போது மாமரத்தின் கொப்புகள் இடைஞ்சல் என்று மேசன்மார் அந்தப் பக்கத்துக் கொப்புகளைத் தறித்துவிட்டார்கள். அது அப்போது எனக்குத் தெரியாது. குகனுக்கும் தெரிந்திருக்காது. மாதங்கள் போய் ஹோட்டல் திறந்தது. திறப்பு விழாவுக்கு ஒரு விளம்பர வீடியோ எடுத்தார்கள். ட்ரோன் கோவில் கோபுரப் பக்கமிருந்து பறந்து வந்து, கட்டடத்தைச் சுற்றி, நீலக் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறிக்க மேலே எழும்புகிறது. உண்மையிலேயே அழகான வீடியோ. அதில் ஓரிடத்தில், ஒரு கணம், கீழே தகரக் கூரையும் கொடியில் வெள்ளைச் சீருடையும் தெரிகின்றன. வேறு எவரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். தன் காணியைக் காண ஆவலாய் இருக்கிற மனிதர் கவனிப்பார்தானே. கனடாவில் டொக்டர் கவனித்தார்.

அரியத்தை நான் பட்டினத்தில் ஒரு நாள் சந்தித்தபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. வைத்தியசாலை வாசலில் என்னைக் கண்டு, அவராகவே ஓட்டோவை நிறுத்தினார்.

"டொக்டர் ஐயா கத்தேல்லை அக்கா. ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டுதான் கேட்டவர். அதுதான் இன்னும் கூடச் சுட்டது. சோதினை முடியுமட்டும் இருங்கோ எண்டவர். முடிய, வெளிக்கிட்டிட்டம்."

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குகனுக்குப் படம் காட்டியது நான்தான், அதனால்தான் வலை வந்தது, வலையால்தான் கொப்பு போனது, கொப்பு போனதால்தான் கூரை தெரிந்தது. சொல்லி முடித்துவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன்.

அவர் ஓட்டோவை விட்டு இறங்கி வந்தார்.

"வலை கட்டி ஒரு கிழமையாலை ஒரு முழுக் கல்லு வந்து அதிலை விழுந்து தொங்கினது. பிள்ளையின்ரை மேசைக்கு நேர் மேலை. நான் கீழை நிண்டு பாத்தனான். நீங்கள் சொல்லாட்டி அது தகரத்தைப் பிச்சுக்கொண்டு உள்ளுக்கை வந்திருக்கும்."

"அப்ப நான் செய்தது சரி எண்டு சொல்லுறியளோ?"

"அப்பிடிச் சொல்லேலாது. வீடு போயிட்டுது எல்லே."

"பிழை எண்டோ?"

"அப்பிடியும் சொல்லேலாது" என்றார் அரியம். அவர் என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தபிறகுதான் அவர் ஓட்டோவை ஓரத்துக்கு எடுத்தார்.

இரவுப் படங்களையும் மழைப் படங்களையும் எப்படி எடுப்பது என்று நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இப்படியான நேரத்தில் என்ன செய்வது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை. போடாமல் விட்ட படம் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். எவரோ அழகுக்கு எடுத்த வீடியோ ஒரு குடும்பத்தை வீட்டை விட்டு எழுப்பியது என்றும் சொல்லலாம். பட்டினத்தில் எந்தப் பக்கம் கமராவைத் திருப்பினாலும் அந்தப் படச் சட்டத்துக்கு உள்ளேயோ வெளியேயோ ஒருவர் சமைத்துக்கொண்டிருக்கிறார், படித்துக்கொண்டிருக்கிறார். அவரைக் காட்டுவதா விடுவதா என்று உங்களுக்குச் சொல்லித்தர என்னால் முடியாது. அவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டாவது பொத்தானை அழுத்துங்கள்.

அரியத்தின் தெல்லிப்பழைக் காணி படையினரிடமிருந்து விடுபட்டுச் சில காலம் ஆகியிருந்தது. இருந்த பழைய வீடு அத்திவாரமும் அறுகம்புல்லுமாகக் கிடந்ததால் அதுவரை போகாமல் இருந்திருக்கிறார். பிறகு அங்கேயே ஒரு சின்ன வீடு எழுப்பிவிட்டார். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன் எனக்கு அழைப்பு எடுத்தார்.

"அக்கா, ஒருக்கால் வந்து எங்கடை வீட்டை ஒரு படம் எடுத்துத் தருவியளோ? மனிசியின்ரை தமையன் பிரான்சிலை இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். போனிலை எடுத்தால் வடிவில்லை."

போனேன். செம்மண் வளவுக்கு நடுவில் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும். முன்சுவருக்கு மட்டும் மஞ்சள் நிறம் அடித்திருந்தது. பின்பக்கம் இன்னும் பூசவில்லை. மதுரா பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தாள். என்னைக் கண்டதும் கதிரை கொண்டுவந்து போட்டாள். மனைவி தேத்தண்ணி தந்தா.

குடித்துவிட்டு, "எப்பிடி எடுக்க? இருக்கிற மாதிரியே எடுக்கவோ?" என்று கேட்டேன்.

"ஓம், இருக்கிற மாதிரித்தான்" என்றார் அரியம். பிறகு மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தா. "ஆனால் கொஞ்சம் பெரிசாத் தெரிஞ்சால் நல்லம். நாங்கள் நல்லா இருக்கிறம் எண்டு அவைக்குத் தெரியவேணும். நல்லாத்தானே இருக்கிறம்."

அகல லென்ஸைப் பூட்டினேன். வாசல் படலைக்குக் கிட்ட, செம்மண்ணில் முழங்காலை ஊன்றி, கமராவை நிலத்தோடு பிடித்தேன். விறாந்தை நீண்டது. மஞ்சள் சுவர் வானம்வரை எழும்பியது. பூசாத பின்பக்கம் மறைந்துபோனது. மூன்று பேரையும் வாசலில் நிற்பாட்டி எடுத்தேன். யாழ்ப்பாணப் பட்டினத்திலும் அப்படி ஒரு வீடு குறைவு.

திரையில் பார்த்த மதுரா வாயைப் பொத்திச் சிரித்தாள். "அப்பா, இது எங்கடை வீடோ?"

அரியம் கமராவை இரண்டு கையாலும் வாங்கி, வெயிலுக்கு மறைத்துப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"எங்கடைதான்" என்றார். கமராவை என்னிடம் தந்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "அக்கா, இன்னும் கொஞ்சம் பின்னாலை போய் ஒண்டு எடுங்கோ. பக்கத்து வளவும் எங்கடை மாதிரித் தெரியட்டும்."

நான் பின்னால் போனேன்.